பிள்ளைகளைப் பார்த்துப் பயந்த கதை: ‘வில்லேஜ் ஆஃப் தி டேம்ன்ட்’ 1960ஆ, 1995ஆ? (சிங்கப்பூர் இணையக் குழு ஒன்றில் நடந்த பேச்சு; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்)

மழைக்காலம்:

சனிக்கிழமை இரவு அம்மா தூங்கப் போனதும் விளக்கை அணைத்துவிட்டு ஜான் கார்ப்பென்டரின் ‘வில்லேஜ் ஆஃப் தி டேம்ன்ட்’ பார்த்தேன். 1995இல் வந்த மறு ஆக்கம். முடிந்ததும் எரிச்சலில் தூக்கம் வரவில்லை. மறுநாள் துணியைத் துவைத்து மூங்கில் கழியில் போட்டுவிட்டு, 1960இல் வுல்ஃப் ரில்லா எடுத்த கறுப்பு வெள்ளை மூலத்தைத் தேடிப் பிடித்தேன். 77 நிமிஷம்தான். துணி காய்வதற்குள் படம் முடிந்தது. எரிச்சல் போய் வேறு என்னமோ வந்து உட்கார்ந்துகொண்டது.

பார்க்காதவர்களுக்காக: மிட்விச் என்று ஒரு சின்ன ஊர். ஒருநாள் காலை மனிதர், மாடு, நாய் எல்லாம் நின்ற இடத்தில் மயங்கி விழுகின்றன. சில மணி நேரத்தில் எல்லாரும் ஒன்றும் நடக்காதது போல எழுந்துகொள்கிறார்கள். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் ஊரில் பல பெண்கள் ஒரே நேரத்தில் கர்ப்பம். கல்யாணம் ஆகாதவர்கள், புருஷன் ஊரில் இல்லாதவர்கள் உட்பட. பிறக்கும் பிள்ளைகளுக்கு வெளுத்த முடி. சிரிப்பு கிடையாது. ஒரு பிள்ளைக்குத் தெரிந்தது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். கோபம் வந்தால் கண் ஒளிரும். எதிரே நிற்பவர் தன் கையாலேயே தனக்குக் கேடு செய்துகொள்வார்.

என் கேள்வி ஒன்றுதான். உங்களுக்கு எது பயமாக இருந்தது, ஏன்? முடிவு வரை பேசலாம். பார்க்காதவர்கள் இதோடு எழுந்து போய்விடுங்கள்.

பழைய ரீல்:

இந்தக் கேள்விக்காக முப்பது வருஷமாகக் காத்திருக்கிறேன் அம்மா.

நான் முதலில் பார்த்தது கார்ப்பென்டர் படத்தைத்தான். யீஷூனில் பத்துத் திரை அரங்கம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த காலம். ஆனால் எனக்கு லேசர் டிஸ்க் பைத்தியம். தோ பாயோவில் வீட்டுக்குக் கீழேயே வாடகைக் கடை. தாம்பாளம் மாதிரி தட்டு, பாதிப் படத்தில் எழுந்து திருப்பிப் போட வேண்டும். சரியாக ஒரு பிள்ளை முறைக்கும்போது தட்டு தீர்ந்து திரை நீலமாகிவிட்டது. படத்திலேயே என்னைத் திடுக்கிட வைத்த இடம் அதுதான்.

மூலப்படம் வேறு ரகம். முதல் பத்து நிமிஷத்தில் வசனமே தேவைப்படவில்லை. கதாநாயகன் ஜார்ஜ் சாண்டர்ஸ் தொலைபேசியில் பேசிக்கொண்டே சாய்கிறார். குழாய்த் தண்ணீர் வழிகிறது. இஸ்திரிப் பெட்டி துணியின் மேலேயே கிடந்து கருக்குகிறது. ஊர் எல்லையில் ராணுவம் வந்து நிற்கிறது. ஒரு சிப்பாயின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, முகமூடி மாட்டி உள்ளே அனுப்புகிறார்கள். நாலு எட்டு வைக்கிறான், விழுகிறான், கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்கள். அவ்வளவுதான் காட்சி. செலவு ஒரு கயிறு.

அப்புறம் அந்தப் புதிர்ப் பெட்டி. மூடியை எப்படித் திறப்பது என்று பெரியவர்களுக்கே தெரியாத பெட்டிக்குள் மிட்டாய் வைத்து, நடை பழகும் வயதுப் பிள்ளையிடம் கொடுக்கிறார்கள். பிள்ளை திறந்துவிடுகிறது. அதே பெட்டியை இன்னொரு வீட்டுப் பிள்ளையிடம் கொண்டுபோகிறார்கள். அது யோசிக்கக்கூட இல்லை, நேராகத் திறக்கிறது. எனக்கு அங்கேதான் மயிர்க்கூச்செறிந்தது. ரத்தம் இல்லை, சாவு இல்லை, ஒரு மிட்டாய் டப்பா.

சும்மா ஒரு வம்பு: இந்தப் படம் முதலில் அமெரிக்காவில் ரொனால்ட் கோல்மன் நடிக்க எடுக்கப்பட இருந்தது. தகப்பன் இல்லாமல் பிள்ளை பிறக்கிற கதை என்பதால் கத்தோலிக்கர் எதிர்ப்பு வரும் என்று படநிறுவனம் எம்ஜிஎம் தயங்கி, கடைசியில் பிரிட்டனுக்கு மாற்றியது. அதற்குள் 1958இல் கோல்மன் காலமானார். அவர் வேடம் ஜார்ஜ் சாண்டர்ஸுக்குப் போனது. 1959இல் கோல்மனின் மனைவியையும் சாண்டர்ஸே மணந்துகொண்டார். இதைப் படமாக எடுத்திருக்கலாம்.

கோப்பி ஓ கோசோங்:

எனக்கு ஒரு சந்தேகம். ஒரே மாதிரி உடுப்பு, ஒரே மாதிரி தலைவாரல், இரண்டிரண்டு பேராக வரிசையில் நடக்கிறார்கள், சிரிக்க மாட்டார்கள், கணக்கில் புலி. இந்தப் பிள்ளைகள் செங்காங்கில் இறங்கியிருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்களா? துணைப்பாட (டியூஷன்) நிலையத்துக்காரர்கள் வாசலில் படம் போட்டு ‘எங்கள் மாணவர்கள்’ என்று ஒட்டியிருப்பார்கள்.

யீஷூன் பூனை:

கார்ப்பென்டர் பக்கம் யாரும் இல்லை போலிருக்கிறது, நான் வருகிறேன்.

பழைய ரீல் சார் சொன்ன மயக்கக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். புதியதில் ஊர் விருந்து நடக்கிறது, கரி அடுப்பில் இறைச்சி வாட்டிக்கொண்டிருக்கிறார் ஒருவர். எல்லாரும் மயங்கி விழும்போது அவர் அடுப்பின் மேலேயே விழுகிறார். ஊர் எழுந்த பிறகுதான் நமக்குக் காட்டுகிறார்கள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சாத்தே இறைச்சிக் குச்சி வாட்டும் புகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான். இது மூலத்தில் இல்லாத கொடூரம்.

இன்னொன்று, கிறிஸ்டஃபர் ரீவ். சூப்பர்மேனாகவே பார்த்துப் பழகிய முகம், இங்கே களைத்துப்போன ஒரு டாக்டர். மனைவியைச் சாகடித்த பிள்ளையைத் தன் மகள் என்று வளர்க்கிற ஆள். அமெரிக்காவில் படம் வந்தது ஏப்ரல் கடைசியில். மே 27ஆம் தேதி குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோனார். அது தெரிந்த பிறகு அவர் படத்தில் வேகமாக ஓடிவருகிற ஒரு சாதாரணக் காட்சிகூட வேறு மாதிரி தெரிகிறது. இது படத்தின் சாமர்த்தியம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் தெரிகிறது.

பழைய ரீல்:

ரீவைப் பற்றி எனக்கும் புகார் இல்லை, தம்பி. அந்தப் படத்தை ஒப்பந்தக் கடனுக்காக எடுத்ததாகக் கார்ப்பென்டரே பின்னாளில் சொல்லிவிட்டார், ரீவ் நன்றாக நடித்தார் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார். 22 மில்லியன் டாலர் போட்டு அமெரிக்காவில் பத்து மில்லியன்கூட வரவில்லை. மோசமான படங்களுக்குக் கிண்டலாகக் கொடுக்கும் ராஸி விருதில், அந்த வருஷத்து மோசமான மறு ஆக்கத்துக்கான பரிந்துரையும் கிடைத்தது.

இதே மனிதர்தான் 1982இல் ‘தி திங்’ எடுத்தவர். அதுவும் 1951 படத்தின் மறு ஆக்கம்தான். அதை யாராவது குறை சொல்கிறோமா? பழையதைத் தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தொட்டால் எதற்காகத் தொடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

துணைப்பாடம்:

கோப்பி ஓ, உங்களை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன். நான் இருபது வருஷமாகத் துணைப்பாட ஆசிரியை.

கிண்டலாகச் சொன்னாலும் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. தொடக்கநிலை ஐந்து கணக்கு வகுப்பு, மொத்தம் ஆறு பிள்ளைகள். ஒருநாள் பின்னக் கணக்கு ஒன்றைப் பலகையில் போட்டுக்கொண்டே போனேன். முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லை. ஆறு பேர் இருக்கும் அறையில் ஒரு பேனாகூட உருளவில்லை. திரும்பிப் பார்த்தால் ஆறு பேரும் பலகையின் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது வரியில் எட்டுக்குப் பதில் ஆறு எழுதியிருக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. நானாகக் கண்டுபிடிக்கிறேனா என்று காத்திருக்கிறார்கள். நான் அழித்துத் திருத்தியதும் ஆறு பேரும் ஒன்றாகக் குனிந்து எழுதினார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் பேருந்தில் அந்தப் படம்தான் ஓடியது, மனதுக்குள்.

பெரியவர்களுக்குப் பிள்ளைகளிடம் உள்ள பயம் அதுதான் என்று நினைக்கிறேன். நம்மை மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்கிற பயம். கண் ஒளிர வேண்டிய அவசியமே இல்லை.

அந்தப் புதுப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி ஊர்க் கூட்டம். கர்ப்பத்தைக் கலைக்காமல் பெற்றுக்கொண்டால் அரசாங்கம் மாதாமாதம் பணம் தரும், பதிலுக்குப் பிள்ளைகளைப் பரிசோதிக்க விட வேண்டும் என்கிறார் அரசாங்க டாக்டராக வரும் கிர்ஸ்டி ஆலி. கூட்டத்தில் ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை, ஆனால் எல்லார் மனதிலும் கணக்கு ஓடுகிறது. எழுபதுகளில் ‘இரண்டே போதும்’ என்று சுவரொட்டி ஒட்டி, 1987இல் ‘முடிந்தால் மூன்று’ என்று மாற்றி, 2001இலிருந்து குழந்தை போனஸ் கொடுத்தும் 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.97 பிள்ளை என்று வந்து நிற்கிற ஊரில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறேன். சிரிப்பு வந்தது. கார்ப்பென்டர் அந்தக் காட்சியை இரண்டு நிமிஷத்தில் தாண்டிப் போய்விட்டார், பாவி. அங்கேதான் படமே இருந்தது.

கோப்பி ஓ கோசோங்:

டீச்சர், ஒரே நாளில் பத்துப் பிரசவம் என்றால் இங்கே சீனர்கள் பிள்ளைப்பேற்றுக்கு ராசியென்று நினைக்கிற டிராகன் வருஷம் என்று சொல்லி, தொடக்கநிலை ஒன்று பதிவுக்கு இடம் கிடைக்குமா என்றுதான் முதலில் கவலைப்படுவார்கள். முடி ஏன் வெள்ளை என்பதெல்லாம் அப்புறம்.

காக்கைப்பாடினி:

நான் படம் அதிகம் பார்ப்பதில்லை, பறவை பார்ப்பவள். ஆனால் இந்தக் கதையின் மூலநூலைப் படித்திருக்கிறேன். ஜான் விண்டம் 1957இல் எழுதியது. தலைப்பே ‘மிட்விச் குயில்கள்’ என்றுதான் பொருள்படும். படக்காரர்கள் இரண்டு தடவையும் அந்தப் பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு ‘சபிக்கப்பட்டவர்களின் ஊர்’ என்று வைத்தார்கள். அங்கேயே பாதி போய்விட்டது.

நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குயில் கூடு கட்டாது, காக்கைக் கூட்டில் முட்டையிடும், காக்கை தன் குஞ்சென்று வளர்க்கும். சின்ன வயதில் கேட்டதுதானே. விண்டம் சொல்வது ஐரோப்பாவின் குயில். அது இன்னும் மோசம். முட்டையிலிருந்து வந்த குஞ்சு, கண்கூடத் திறக்காத நிலையில், வீட்டுக்காரப் பறவையின் முட்டைகளை முதுகால் நெம்பி வெளியே தள்ளிவிடும். நம் கருங்குயில் குஞ்சு பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை, காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளரும்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கிற்கு எதிரில் ஒரு மழைமரம். ஆறாவது மாடி நடைபாதையிலிருந்து பார்த்தால் காக்கைக் கூடு நேர் கண்ணில் படும். போன வருஷம் அதில் புள்ளி புள்ளியாக ஒரு குயில் குஞ்சு. காக்கைக்கு வித்தியாசம் தெரியாதா? எனக்கே அங்கிருந்து தெரிகிறது. வாயைப் பிளந்து அது கத்தக் கத்த, காக்கை எங்கிருந்தோ ஒரு துண்டு ரொட்டி கொண்டுவந்து ஊட்டுகிறது. கீழே ஒருவர் காலை ஐந்து மணிக்குக் குயில் கத்தித் தூக்கம் போகிறது என்று நகர மன்றத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறார். காக்கைக்குப் புகார் இல்லை.

படத்தில் வருகிற அம்மாக்களை அந்தக் காக்கையாகப் பாருங்கள். பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

யீஷூன் பூனை:

அக்கா, இதைப் படித்துவிட்டு மறுபடியும் போட்டுப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

மழைக்காலம்:

காக்கைப்பாடினி அக்கா சொன்னதுதான் நான் சொல்ல வந்து சொல்லத் தெரியாமல் நின்ற இடம்.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்போமே. மூலப்படம் அந்த ஒரு வரிதான். அங்கே பார்பரா ஷெல்லி நடித்த அம்மா, தன் மகன் டேவிட் மேல் கை வைக்கப் போகும்போதெல்லாம் முகம் கனிகிறது. அவன் அவளைப் பார்க்கிற பார்வையில் ஒன்றுமே இல்லை. வெறுப்புகூட இல்லை. மார்ட்டின் ஸ்டீஃபன்ஸ் என்கிற அந்தச் சிறுவன் பெரிய மனிதர் மாதிரி மரியாதையாகப் பேசுகிறான். மரியாதையாகப் பேசும் பிள்ளை இவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று தெரியாது. அப்பா கடைசியில் பெட்டிக்குள் வெடிகுண்டை வைத்துக்கொண்டு வகுப்புக்குள் போகிறார். பிள்ளைகள் மனதைப் படித்துவிடுவார்கள் என்பதால் ஒரு செங்கல் சுவரை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் நெருங்கி நெருங்கி வருகிறார்கள், சுவர் ஒவ்வொரு கல்லாக உதிர்கிறது.

புதியதிலும் சுவர் உண்டு. ஆனால் அதற்குள் டேவிட்டைக் காப்பாற்றிவிடுகிறார்கள். பிள்ளைகள் ஜோடி ஜோடியாகப் பிறக்கிறார்கள், டேவிட்டின் ஜோடி மட்டும் இறந்தே பிறந்துவிடுகிறது. அந்தக் குறையால் அவனுக்குத் துக்கம் தெரிகிறது, மெல்ல மெல்ல அவன் மனிதனாகிறான். கடைசியில் அம்மா அவனை மட்டும் வெளியே அழைத்துக்கொண்டு தப்பிக்கிறாள். அம்மாவுக்குப் பலன் கிடைத்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் எரிச்சலானேன். காக்கைக்குக் குயில் நன்றி சொன்ன மாதிரி.

யீஷூன் பூனை:

இல்லை, இங்கே சண்டை போடுவேன்.

டேவிட் இல்லாவிட்டால் புதுப்படத்தில் ஒன்றுமே இல்லை. கல்லறைப் பக்கத்தில் நின்றுகொண்டு, செத்துப் பிறந்த அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு சின்னப் பையன் பேசுவதைக் கேட்டீர்களா? மற்ற பிள்ளைகள் கோடு போட்ட மாதிரி ஜோடியாக நடக்கும்போது அவன் பக்கம் மட்டும் ஒரு காலியிடம். கார்ப்பென்டர் அதை வசனத்தில் சொல்லவில்லை, நடையில் காட்டினார். எல்லாரோடும் இருந்துகொண்டு தனியாக இருக்கிற பையன். மூலத்தில் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பிள்ளை. இங்கே ஒருவன் மட்டும் வேறு.

பழைய ரீல்:

அந்தக் காலியிடம் நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் அது வேறொரு படத்துக்கான யோசனை. பிள்ளைக்கு மனது உண்டென்று காட்டிய கணமே, குண்டு வைப்பதா வேண்டாமா என்கிற கேள்வி சுலபமாகிவிடுகிறது: நல்லவனை எடு, கெட்டவர்களை விடு. 1960இல் அப்படி வழியே கிடையாது. அவன் மகன், அவ்வளவுதான். போதாததற்கு, செத்துப் பிறந்ததைக் கண்ணாடிச் சாடியில் போட்டு வேற்றுக்கிரக முகத்தோடு காட்டிவிட்டார்கள். ‘இது உன் பிள்ளையே இல்லை, கவலைப்படாதே’ என்று நம்மைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி. பழைய படத்தில் எங்கிருந்து வந்தார்கள் என்று கடைசி வரை யாருக்கும் தெரியாது.

மூலத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு, நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு எரிந்த பிறகு நெருப்பிலிருந்து ஒளிர்கிற கண்கள் மட்டும் பறந்து போகின்றன. வேண்டாத வேலை.

யீஷூன் பூனை:

அதைச் சொன்னீர்களே, அது போதும் எனக்கு.

செம்பவாங் பாட்டி:

பேத்தி இந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். நான் பழைய படத்தைச் சின்ன வயதில் பார்த்த ஞாபகம், எந்தக் கொட்டகை என்று மறந்துவிட்டது. கண் மட்டும் மறக்கவில்லை.

அந்தக் கண்ணை எப்படிச் செய்தார்கள் என்று பேத்தி படித்துச் சொன்னாள். கண்ணின் நெகட்டிவ் படத்தை எடுத்து முகத்தின் மேல் ஒட்டினார்களாம், அதுதான் வெள்ளையாக எரிகிறதாம். தலை பெரிதாகத் தெரிய முடிக்குள்ளே பஞ்சு மாதிரி வைத்துக் கட்டினார்களாம். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. நான் பயந்ததற்குக் காரணம் வேறு.

எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் நெற்றியிலும் கன்னத்திலும் மை வைப்போம். உள்ளங்காலில்கூட வைப்போம். ஊர்க்கண் பட்டுவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவோம். கண் எப்போதும் வெளியிலிருந்து பிள்ளை மேல் படுவது. அந்தப் படத்தில் பிள்ளையிடமிருந்து பெரியவர்கள் மேல் படுகிறது. யாருக்கு மை வைப்பது, யாருக்குச் சுற்றிப் போடுவது? அன்றைக்கு ராத்திரி என் தம்பி தொட்டிலில் முழித்துக்கொண்டு கிடந்தான். ஆறு மாதப் பிள்ளை. விளக்கு வெளிச்சம் அவன் கண்ணில் விழுந்தது. நான் அம்மா பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அந்தத் தம்பிக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இதை அவனிடம் சொன்னதில்லை.

துணைப்பாடம்:

பாட்டி, இந்த ஒரு பதிவுக்கு முன்னால் நாங்கள் எழுதியதெல்லாம் ஒன்றுமில்லை.

கோப்பி ஓ கோசோங்:

சரி, இங்கே எடுத்தால் எப்படி எடுப்பது? வெளுத்த முடி வேலைக்காகாது, பதின்ம வயதில் பாதிப் பேர் சாயம் பூசித்தான் திரிகிறார்கள். ஊர் மயங்கினால் எம்ஆர்டி ரயில் கோளாறு என்று நினைத்து எழுந்து வேலைக்குப் போய்விடுவார்கள்.

பழைய ரீல்:

ஒரு புளோக் போதும் தம்பி. ஒரே புளோக்கில் பன்னிரண்டு வீடு. மலாய்க்கார வீடு, சீன வீடு, தமிழ் வீடு. எல்லாப் பிள்ளையும் ஒரே முகம். மின்தூக்கியில் ஒவ்வொரு மாடியாக நின்று நின்று ஒவ்வொரு பிள்ளையாக ஏறுகிறது. யாரும் யாரோடும் பேசவில்லை. கீழ்த்தளத்தில் கதவு திறக்கிறது. முடிந்தது. கண் ஒளிரவே வேண்டாம்.

1964இல் ‘சில்ட்ரன் ஆஃப் தி டேம்ன்ட்’ என்று ஒரு தொடர்ச்சி வந்தது. அதில் ஆறு பிள்ளைகள், ஆறு நாட்டிலிருந்து. யோசனை நல்லதுதான், ஆனால் பேசிப் பேசியே கொன்றுவிட்டார்கள். மின்தூக்கி அவர்களுக்குத் தோன்றவில்லை.

யீஷூன் பூனை:

சார், இனிமேல் நான் எட்டாவது மாடிக்குப் படியேறித்தான் போக வேண்டும். நன்றி.

மழைக்காலம்:

கடைசியாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். நேற்று அம்மா கேட்டார், என்னமோ பிள்ளைப் படம் பிள்ளைப் படம் என்று போனில் தட்டிக்கொண்டே இருக்கிறாயே, என்ன அது என்று. சரி என்று இரண்டில் புதியதைப் போட்டுக் காட்டினேன், வண்ணப்படமாக இருக்கட்டுமே என்று. 72 வயது. நடுவில் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். முழுப்படத்தையும் அசையாமல் பார்த்தார். சூடான சூப்பைக் கொடுத்த குற்றத்துக்காகத் தாயின் கையைக் கொதிக்கிற பாத்திரத்தில் விட வைக்கிறதே அந்தக் குழந்தை, அங்கே மட்டும் ‘அடி பாவி’ என்றார். பாதிரியார் செத்தபோதும் டாக்டரம்மா செத்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை.

படம் முடிந்தது. பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. பயமாக இருந்ததா அம்மா என்று கேட்டேன்.

‘பயம் என்னடி. அத்தனை பிள்ளைக்கும் முடி எப்படி வறண்டு கிடக்கிறது பார். ஒருத்திக்காவது பிடித்து உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் வைக்கத் தோன்றவில்லையே’ என்று சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டார்.